அமுதத்தின் முறை

சலோமி டீச்சருக்குப் பாடப்புத்தகம் என்றாலே கோபம். "கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும்?" என்று பெரிய வாத்தியார் கைலாசநாதனிடமே கேட்டுவிட்டு, ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டியவர். எழுபத்தெட்டாம் வருஷம் அது. காரைக்காலிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து கோட்டுச்சேரிமேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவார்.

பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். டீச்சர் ஒரு கேள்வி போடுவார். மீனுக்குத் தாகம் எடுக்குமா? நாய் எதற்குக் குரைக்கிறது? ஆளுக்கொரு முறை. பேசுகிறவர் பேசி முடித்து "அவ்ளோதான்" என்று சொல்லும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது, டீச்சர் உட்பட. பேச்சு நாள் முழுக்க ஓடும். பெரிய வாத்தியார் எட்டிப் பார்த்து, "இது பள்ளிக்கூடமா, ஊர்ப் பஞ்சாயத்தா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வலை இழுக்கிற நாளில் பாதிப் பிள்ளைகள் கரைக்கு ஓடிவிடும். வராத பிள்ளையின் இடத்தை அப்படியே காலியாக விடவேண்டும். அதன் முறை வரும்போது, அது என்ன சொல்லியிருக்கும் என்று பக்கத்துப் பிள்ளை யோசித்துச் சொல்லவேண்டும். வராதவர்களும் நம் வகுப்புதானே என்பார் டீச்சர். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு. குரலைக்கூட அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள்.

இரண்டாம் வகுப்பில் அமுதம் என்று ஒரு வாயாடி இருந்தாள். மீன் விற்கும் மாரிக்கண்ணுவின் மகள். ஐப்பசி மழையில் ஒருநாள் டீச்சர், "காத்து எங்கேருந்து கெளம்புது?" என்று கேட்டார். அமுதத்தின் முறை வந்தது.

"எனக்குத் தெரியும் டீச்சர். நான் பாத்தேன். அது வந்து..."

பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பாகக் கொதித்தது. "போதும் கண்ணு, நீ வீட்டுக்குப் போ. நாளைக்குச் சொல்லு" என்று அனுப்பிவைத்தார். தானே போட்ட சட்டத்தைத் தானே மீறியது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளை உயிரோடு திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வகுப்பு கூடியபோது அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. போகப்போக மறந்துவிடுவார்கள் என்று டீச்சர் சும்மா இருந்தார். வட்டம் சுற்றி வந்தது. காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அஞ்சலை வாயைத் திறந்தாள். தன் முறையில் ரெண்டு வார்த்தைக்குமேல் பேசாத பிள்ளை அவள். இப்போது கையை ஆட்டி ஆட்டி, மூக்கை உறிஞ்சி, அமுதம் பேசுகிற மாதிரியே மளமளவென்று பேசினாள்.

டீச்சர் அஞ்சலையை இடம் மாற்றிப் பார்த்தார். அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிள்ளையும் அப்படியே பேசியது. இன்னொன்றும் கவனித்தார். வராத மற்றவர்களுக்காகப் பேசும்போது பிள்ளைகள் ஒழுங்காக "அவ்ளோதான்" என்று முடித்தார்கள். அமுதத்துக்காகப் பேசும்போது மட்டும் யாருமே முடிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் காலி இடத்தைப் பார்ப்பார்கள். சற்று நேரம் வகுப்பே காது கொடுத்துக் கேட்பதுபோல் இருக்கும். பிறகுதான் அடுத்த பிள்ளை பேசும்.

சேதி மாரிக்கண்ணுவுக்குப் போனது. மறுநாளே மீன்கூடையோடு ஜன்னலண்டை வந்து நின்றாள். அப்புறம் தினமும் வந்தாள். கூடையில் மீன் நாறி ஈ மொய்க்கும். வீட்டில் அமுதத்தின் தம்பியை, தவழ்கிற வயசுப் பையனை, அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளை எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தது.

இது ஆகாது என்று டீச்சர் ஒருநாள் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, பூட்டிய புத்தகங்களை எடுத்தார். மாரிக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"எம்பொண்ண ரெண்டாந்தடவையும் தூக்கிட்டுப் போயிடாதீங்க டீச்சரம்மா!"

புத்தகம் திரும்ப அலமாரிக்குப் போனது. டீச்சர் அன்று பஸ்ஸில் வாய்விட்டு அழுதார். மாரிக்கண்ணு தன் வீட்டுக்குப் போய் இருக்கிற பிள்ளையைப் பார்க்கவேண்டுமானால், அமுதத்தின் பேச்சு முடியவேண்டும். அவளுக்காக யாராவது "அவ்ளோதான்" என்று சொல்லவேண்டும். வேறு யார் சொல்வது? பாதியில் நிறுத்தியவர்தானே முடிக்கவேண்டும்!

சித்திரை வெயிலில் ஒருநாள், சிலுவை போட்டுக்கொண்டு, டீச்சரே காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய கேள்வியையே கேட்டார். "காத்து எங்கேருந்து கெளம்புது?" சொல்லவேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்து வந்திருந்தார். காத்து கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து கெளம்புது, அவ்ளோதான். ஒரு வரி. சுலபம்.

முறை வந்தது. வெளியே காற்று நின்றிருந்தது. பிள்ளைகள் டீச்சர் வாயையே பார்த்தார்கள். ஜன்னலில் மாரிக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் வாயைத் திறந்தார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அந்த வெயிலில் உடம்பெல்லாம் குளிர்ந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சின்னக் குரல் அவர் வாயிலிருந்து வந்தது.

"நாளைக்குச் சொல்றேன் டீச்சர்."

ஒரு பிள்ளைகூடத் திடுக்கிடவில்லை. அஞ்சலை சரி என்று தலையாட்டினாள். மாரிக்கண்ணு, மகள் போனதிலிருந்து சிரிக்காதவள், முகமெல்லாம் சிரித்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு வர்றேங்க டீச்சரம்மா. தம்பியையும் தூக்கிட்டு வர்றேன், அக்கா பேசுறத அவனும் கேக்கட்டும்."

சொன்னபடியே வந்தாள். காலையில் மீனை விற்றுவிட்டு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு. பையன் தேறினான். அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று, யாரும் சொல்லாமலே நேராகப் போய் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எண்பத்தாறில் டீச்சருக்குக் கோவில்பத்துக்கு மாற்றல் வந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். வேண்டாம் என்றுவிட்டார். பைத்தியமா உங்களுக்கு என்று பெரிய வாத்தியார் கேட்டதற்கு, டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு புள்ள இன்னும் பேசி முடிக்கலைங்க."