மாமன் சேர்த்த மைல்கள்

இன்று எரியோட்டில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணிக்கு ஒரே தம்பி. லண்டனிலிருந்து வரவேண்டியவர்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார்.

"நேரா வந்தா பிளைட்காரன் தர்ற மைல் கம்மிக்கா. சுத்தி வந்தா அடுத்த டிக்கெட்டே ஓசி. கணக்குப் போட்டுத்தான் ஏறுனேன். இங்க பிளைட் லேட்டு. செத்த நேரம் பொறுங்க."

முகூர்த்தம் பொறுக்கவில்லை. அண்ணியின் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். குழந்தையைவிட அண்ணிதான் அதிகம் அழுதார்.

பந்தி முடிந்து, பந்தலைப் பிரிக்கும்போது தம்பி வந்து சேர்ந்தார்.

"மைலு எம்புட்டுடா ஏறுச்சு?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் ஏறலக்கா. தள்ளுபடி டிக்கெட்டுக்குக் கிடையாதாம்."

தை மாதம் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு எந்த ஊரைச் சுற்றி வருவார் என்று பெண் வீட்டாரிடம் யார் போய்ச் சொல்வது?