கஃபீல் இல்லாத ஊர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது பிரான்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கும். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அங்கே ஒரு கிராமத்தில் டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். காரைக்கால்காரர்களான எங்களுக்குத் தாத்தா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அந்தக் கிராமத்தில் மூடிக் கிடந்த மளிகைக்கடையை எடுத்து நடத்த வரும்படி மாமா என் அப்பாவை, எங்கள் அத்தாவை, அழைத்தார். மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். குவைத்தின் ஃபஹாஹீலில், எங்கள் விசாவுக்குப் பொறுப்பான அரபியான கஃபீலின் பெயரில் இருந்த துணிக்கடையில் பதினைந்து வருடம் நின்று தேய்ந்த அத்தா, மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டார்.

வீடியோ காலில் மாமா ஊரைச் சுற்றிக் காட்டினார். வயல், அதற்கு அப்பால் இன்னொரு வயல். மருந்துக்குக்கூட ஒரு மனிதரைக் காணோம். வேலிக்கு மேலே தலையை நீட்டி ஒரு மாடு மட்டும் என்னையே பார்த்தது. எங்கள் கட்டடத்திலோ தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு, அங்கே நம் கஃபீல் யார் என்று கேட்டேன்.

"இங்க கஃபீல்னு யாரும் கிடையாது புள்ள. நமக்கு நாமதான்," என்று மாமா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் மாடியில் இருந்த என் தோழியின் அப்பாவுடைய விசாவை அவருடைய கஃபீல் கேன்சல் செய்த வாரத்திலேயே, அவள் கட்டில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளை நான் மறுபடி பார்க்கவேயில்லை. கஃபீல் கைவிட்டாலே இந்தக் கதி என்றால், கஃபீலே இல்லாத ஊரில் எங்களை யார் இருக்க விடுவார்கள்? ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயம் பெரியவர்களுக்குப் புரியவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

கஃபீல் கையெழுத்துப் போட்டால்தான் நாட்டைவிட்டுப் போக முடியும். அதை வாங்கவும் விடைபெறவும் அத்தா எங்களைக் கஃபீலின் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கஃபீல் நல்ல மனிதர், பெருநாளுக்கு எனக்கு உடுப்பெல்லாம் எடுத்துத் தருவார். ஆனாலும் அத்தா நாள்கணக்கில் கெஞ்சிய பிறகுதான் சம்மதித்திருந்தார். அவர் பேனாவைத் திறந்ததுமே நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் ஓவென்று அழுதேன். "அங்கிள், எங்கள கேன்சல் பண்ணிடாதீங்க. எனக்கு அங்க போக பயமா இருக்கு. அங்க கஃபீலே இல்லையாம்."

அவர் கண் கலங்கிவிட்டது. "கலாஸ், போதும்" என்று பேனாவை மூடினார். "பாய், குழந்தை இப்படி அழுதா எனக்குக் கையெழுத்துப் போட மனசு வருமா? அடுத்த வருஷம் பாக்கலாம்," என்று அத்தாவிடம் இந்தியில் சொன்னார். காகிதத்தை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். அத்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு "ஷுக்ரன்" என்று நன்றி மட்டும் சொன்னார்.

காரில் ஏறினோம். அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தா சாவியைப் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பாமலே உட்கார்ந்திருந்தார். பாவம், இவர்களும் என்னைப் போலவே பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்சீட்டிலிருந்து எட்டி அத்தாவின் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"பயப்படாதீங்க அத்தா," என்றேன். "இனிமே நம்மள யாரும் அனுப்ப மாட்டாங்க."