அழித்துச் சம்பளம் வாங்குபவர்

“இது பேடா. இதுவும் பேடா. அட சாமி, இதெல்லாம் எதுக்கு? பேடா.” திரையோடு பேசிக்கொண்டே பஞ்சவர்ணம் அக்கா மவுஸைத் தட்டுகிறார். கொள்ளேகால்காரர். நாள் முழுக்கத் தமிழ் பேசினாலும் ‘வேண்டாம்’ மட்டும் அவர் வாயில் கன்னடமாகத்தான் வரும்.

மைசூர் ஹெப்பாளில் எங்கள் அலுவலகம். எனக்கு எதிர்மேசை அவர். இயந்திர பாகங்களை மற்றவர்கள் கம்ப்யூட்டரில் வரைவார்கள், இவர் அழிப்பார். அதற்குத்தான் சம்பளம். எடை ஏற்றினால் பாகம் எங்கே உடையும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட, அதன் உருவத்தைப் பொடிக் கட்டங்களாகப் பிரித்து வலை போட வேண்டும். குட்டித் துளை, பொறித்த எழுத்து, உருட்டிய விளிம்பெல்லாம் இருந்தால் வலை சிக்கிக்கொள்ளும். அக்கா கை பட்டால் பாகம் மழமழவென்று நிற்கும்.

வீட்டிலும் இதே கதைதான். மகள் மனிஷாவின் புதுத் தாவணியில் இருந்த மணி, குஞ்சத்தையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, “இப்பத்தான் துணி துணியாட்ட இருக்குது” என்றாராம். பாவம் அந்தப் பெண்.

அவருடைய மவுஸை மட்டும் யாரும் தொடக்கூடாது. புறப்படும்போது கைக்குட்டையில் சுற்றி மேசை டிராயரில் வைத்துப் பூட்டுவார். எங்கள் டீம் லீடர் ஸ்வாதி மேடமே ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த கவின்ராஜ் முதன்முதலாகத் தானே வரைந்த பாகம் அக்காவிடம் வந்து, அழிபட்டு, கணக்குக்குப் போனது. பஸ் இருக்கையைத் தரையோடு பிடிக்கும் பிராக்கெட். அது தேறினால்தான் அவனை நம்பி அடுத்த வேலை தருவார்கள். முடிவு வந்தபோது உள்மூலை ஒன்று சிவந்து கிடந்தது. சிவப்பென்றால் உடையும் இடம்.

“இது ஆகாது கவின். இந்த டிசைனை விட்டுடலாம்” என்றார் ஸ்வாதி மேடம். அவன் முகம் செத்துவிட்டது.

அக்கா எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார்.

“இருங்க மேடம். அந்த மூலைய இவன் வளைச்சுத்தான் வெச்சிருந்தான். நாந்தான் பேடான்னு எடுத்துப் போட்டுட்டேன். மூலை கூரா நின்னா கணக்கு அங்க செவப்பத்தான் காட்டும். தப்பு என்மேலதானுங்க.”

சொன்ன கையோடு உட்கார்ந்து, வளைவைத் திரும்ப வைத்து, மறுபடி ஓடவிட்டார். சாயங்காலம் அந்த மூலை பச்சையாக வந்தது. “இதையே அனுப்பிடலாம்” என்றார் மேடம். கவின்ராஜ் எல்லோருக்கும் காபி சொன்னான். அக்கா இரண்டு குடித்தார்.

நேற்று அவனுடைய அடுத்த பாகம் வந்தது. பேடா, பேடா என்று போய்க்கொண்டிருந்த அக்கா ஓர் உள்மூலைக்கு வந்ததும் நிறுத்தினார்.

“கவினு, இங்க வா கண்ணு. இது இருக்கோணுமா?”

அவன் எட்ட நின்றபடியே திரையை நோக்கி விரலை நீட்டினான். அக்கா நாற்காலியைச் சற்று நகர்த்தி, மவுஸை எடுத்து அவன் கையில் வைத்தார்.