மகாராணியும் கோணவாயனும்

துப்பாக்கி வாங்க வந்தவர் மூன்றையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துவிட்டு, "இதுல எது நல்லதும்மா?" என்று கேட்டார். மாமாவின் காரியம் முடிந்த களைப்பே இன்னும் தீரவில்லை. எது நல்லது என்று யோசிக்கவே உடம்பு வலித்தது.

அவர் எங்கள் திருநின்றவூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டில் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய் பாயிண்ட் டூ டூ ரைபிள் சுடுவாராம். அதைச் சொந்தமாக வாங்க லைசென்ஸுக்கு அலைய வேண்டுமாம். அதுவரைக்கும் வீட்டில் கை பழக ஒரு ஏர்கன் போதும் என்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் குழலை மடக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். "அஞ்சு குண்டும் ஒரே எடத்துல விழணும். எங்க விழுதுங்கறது அப்புறம். குறி பாக்கற முள்ளைத் திருப்பி சரி பண்ணிக்கலாம்" என்றார்.

மாமாவும் இதையேதான் சொல்வார். வேறொருவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும், "நாளைக்கு வாங்க சார்" என்று அனுப்பிவிட்டேன். துப்பாக்கிகள் கட்டிலிலேயே கிடக்கின்றன. எடுத்து வைக்கத் தெம்பில்லை. நான் தரையில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். மற்ற நாளில் அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவும் காண்ட்ராக்ட் வேலை. கோயில் திருவிழா வந்தால் பலூன் கடை போடுவார். பின்னால் நீலத் தார்ப்பாய், அதன் முன்னால் பலகையில் வரிசை வரிசையாகப் பலூன், மேசைமேல் மூன்று துப்பாக்கி. அவ்வளவுதான் கடை.

மூன்றுக்கும் பெயர் உண்டு. பார்த்த இடத்தில் அடிப்பது மகாராணி. ஸ்பிரிங் தளர்ந்து, குண்டு பலூனைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது கெழவி. எங்கே குறி வைத்தாலும் நாலு விரற்கடை இடது பக்கம் போவது கோணவாயன். அதன் முள்ளை மாமா வேண்டுமென்றே சரி செய்யாமல் வைத்திருந்தார்.

வருகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் துப்பாக்கியை எடுத்து நீட்டுவார். புதுப் பொண்டாட்டியோடு வருகிறவனுக்கு மகாராணி. அவன் பத்துக்குப் பத்து அடித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கும்போது மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கூட்டமாக வந்து சலம்புகிற பையன்களுக்குக் கோணவாயன். "இன்னா அண்ணாத்தே, துப்பாக்கி கோணலா கீது" என்று அவர்கள் கத்தினால், அதையே வாங்கி, கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் பிடித்து, பட்டென்று ஒரு பலூனை உடைத்துக் காட்டுவார். "துப்பாக்கி கரெக்டாத்தான் கீது. நீதான் ஆடிக்கினு கீற" என்பார். பையன்கள் வாயை மூடிக்கொள்வார்கள். யாருக்கு எது என்பதில் அவர் தவறி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆடி மாதத்தைத் தவிர. நான் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று, பெண் அமையவில்லை. பலூன் சுடவிடுகிறவனுக்குப் பெண் கொடுக்க யார் வருவார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. கடைசியில் ஐயப்பன்தாங்கலில் ஒரு குடும்பம் சம்மதித்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பஸ் டிப்போவில் வேலை. பெண்ணின் அம்மா மட்டும் ஒரு மாதிரி. எதற்கும் அம்மனிடம் உத்தரவு கேட்பவர். ஃபிரிட்ஜ் வாங்கக்கூட வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டுப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை பார்ப்பதெல்லாம் பிறகு, முதலில் ஆடித் திருவிழாவுக்கு வந்து கோயிலில் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

"அத்தை வரப்போறாடி. கல்யாணத்துக்கு ஒனக்குப் பட்டுப்பாவாட" என்றாள் அம்மா. மாம்பழ நிறத்தில் வேண்டும் என்று நான் அப்போதே சொல்லிவிட்டேன். திருவிழா அன்று காலையில் மாமா இரண்டு தடவை சவரம் செய்தார். சட்டையை இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டிக் கடைக்குக் கொண்டுவந்து, பலூன் கட்டி முடித்த பிறகுதான் மாட்டிக்கொண்டார்.

"மச்சான், தேரே நீதான் போல கீறியே" என்று அப்பா கிண்டல் செய்தார்.

"சும்மா இரு மாமா, வேர்க்குது" என்றார் மாமா. அவருக்கு அக்கா புருஷன் மாமா, எனக்கு அவர் மாமா.

கூட்டம் சேருமுன்னே ஒருவன் வந்தான். ஒல்லியாக இருந்தான். காலைப் பத்து மணிக்கே முகம் செத்துப்போயிருந்தது. மாமா அவனைப் பார்த்துவிட்டு மகாராணியைக் கொடுத்தார். அவன் ஒன்றுகூட அடிக்கவில்லை. சுடுவதற்கு நடுவில் பஸ் நிற்கும் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். துப்பாக்கியை வைத்துவிட்டு எதிரே கரும்பு ஜூஸ் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

"மகாராணிலயே தப்பு வுடறான்னா, அவன் பலூனப் பாக்கல பாப்பா. வேற இன்னாத்தையோ பாக்குறான்" என்றார் மாமா என்னிடம். பலூன் ஊதி எனக்குக் கன்னம் வலித்துக்கொண்டிருந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பெண் வீட்டார் வந்தார்கள். அந்த அக்கா மருதோன்றிப் பச்சையில் சேலை கட்டியிருந்தாள். மாமா அவள் முகத்தைப் பார்க்காமல், புதுச் சட்டை நுனியால் மகாராணியின் கட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பெண்ணின் அப்பா நல்ல மனுஷன். "மாப்ள, ஒன் கடைல நான் ஒரு ஆட்டம் ஆடறேன்" என்று கேட்டு வாங்கிச் சுட்டார். மகாராணிதான். எல்லாம் வெடித்தது. "பாத்தியா, பாத்தியா" என்று மனைவியைப் பார்த்துக் குதித்தார். அந்த அம்மாவின் கண் கோபுரத்தின்மேல் இருந்தது.

"ஆத்தா எதிர்ல நிக்கிறோம். எதுக்கு இன்னொரு நாளு பூ கட்டிப் பாக்கணும்? எம்பொண்ணு அஞ்சு தபா சுடட்டும். ஒண்ணு வெடிச்சாலும் ஆத்தா சரின்னுட்டானு வெச்சிக்கலாம். இல்லன்னா ஆரும் ஆரையும் ஒண்ணும் சொல்லிக்கக் கூடாது" என்றார்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு நொடி திக்கென்றது. அடுத்த நொடி முகம் பளிச்சென்றாகிவிட்டது. அஞ்சில் ஒன்று! மகாராணியைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் ஒன்று வெடிக்கும். அப்பா தலையைக் குனிந்து இருமினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. மாம்பழ நிறப் பாவாடை வந்தாயிற்று.

அந்த அக்கா மேசைக்கு வந்தாள். வரும்போது ஒரே ஒரு தடவை ஜூஸ் கடைப் பக்கம் பார்த்தாள்.

"ஜூஸு வேணுமா கண்ணு? சுட்டுட்டு குடிக்கலாம்" என்றாள் அம்மா.

மாமாவும் அந்தப் பக்கம் பார்த்தார். காலையில் வந்தவன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கையில் நிறைய ஜூஸ், விளிம்பில் ஈ. மாமா துப்பாக்கிகள்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்னால் இரண்டு பேர் "அண்ணே, எங்களுக்கு" என்று கத்தினார்கள்.

"இன்னாடா பாத்துக்கினு கீற, எடுத்துக் குடு" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மாமா கோணவாயனை எடுத்தார்.

"மாமா, அது..." என்று நான் ஆரம்பித்தேன். உடனே ஒரு பலூனை என் கையில் திணித்து, "ஊது" என்றார். ஊதினேன்.

"இது நல்ல துப்பாக்கிங்களா?" என்று அந்த அக்கா கேட்டாள். குரலே வெளியே வரவில்லை.

"நல்ல துப்பாக்கிதாம்மா. அதோ, அந்தக் கோடில கட்டியிருக்கறதப் பாரு. நட்ட நடுவுலயே பாத்து அடி."

அவர் காட்டியது இடது பக்கம் கடைசியாக இருந்த மஞ்சள் பலூனை. அதற்கு அப்பால் வெறும் தார்ப்பாய். ஒவ்வொரு குண்டும் அங்கே போய்த் தொப் தொப்பென்று விழுந்தது. ஐந்தும் ஒரே இடத்தில். அவளுக்குக் கை உறுதிதான். அஞ்சாவது குண்டு விழுந்ததும் மாமா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே என் பலூனை வெடிக்கும்வரை ஊதிவிட்டேன். அது மட்டும்தான் வெடித்தது. பெண்ணின் அம்மா திரும்பிப் பார்த்தார். கணக்கில் சேராது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"ஆத்தா வேணான்னுட்டா. மனசுல வெச்சிக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பெண்ணின் அப்பா மட்டும் போகும்போது மாமாவின் தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் டி.வி.யை நிறுத்திவிட்டார்கள். "கண்ணு அவிஞ்சிப் போச்சாடா ஒனக்கு? ராணி எது, கோணவாயன் எதுன்னு தெரியாதா?"

"அவசரத்துல கை மாறிப் போச்சுக்கா" என்றார் மாமா. எண்ணெய்க் கறைக்குச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போகவில்லை.

பாவாடை போன கோபத்தில் நான் அவரோடு பேசவில்லை. ஷெட்டிலிருந்து வரும்போது தினமும் முறுக்கு வாங்கி வந்து என் பக்கத்தில் வைப்பார். தின்பேன், பேசமாட்டேன். அதன் பிறகு அவருக்குப் பெண் பார்க்கவே இல்லை. அம்மா ஏதாவது ஆரம்பித்தால், "வுடுக்கா, திருப்பியும் கை மாறிடும்" என்று சிரிப்பார். ஷெட்டில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆம்புலன்ஸ் வருமுன்னே உயிர் போய், நடு வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோதும் அம்மா அதைச் சொல்லித்தான் அழுதாள். "கை மாறிப் போச்சுன்னியேடா... ஒரு புள்ள குட்டி இல்லாம போறியேடா..."

மாலை வைக்க வந்தவர்களில் அந்த அக்காவும் இருந்தாள். சதை போட்டிருந்தாள். கூடப் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் புருஷன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முகத்தைப் பார்த்தேன். அன்று ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தவன்.

அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மாமாவ நாங்க மறக்கவே மாட்டோம்மா. அன்னிக்கு ஆத்தாதான் எங்கையப் புடிச்சிக்கினா. ஒரு பலூன் வெடிச்சிருந்தாலும் என் கதை வேற. வருஷா வருஷம் ஆடிக்குப் பொங்க வெச்சிட்டு, இவளக் கூட்டினு உங்க மாமா கடைக்கும் வருவோம். குழந்தைக்குன்னு பாத்து நல்ல துப்பாக்கியா எடுத்துக் குடுப்பாரு. எல்லாத்தையும் ஒடப்பா. ஆனா பாவம், அன்னிக்கு அவருக்குத்தான் ஆத்தா கண்ணத் தொறக்கல."

பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் "ஆமாங்க்கா" என்றேன். அன்று அவள் கையில் இருந்தது எந்தத் துப்பாக்கி என்று சொல்லவில்லை. இன்னும் அம்மாவிடமும் சொல்லவில்லை.

இருட்டிலும் எடையை வைத்தே எது எந்தத் துப்பாக்கி என்று சொல்கிறவர் அவர். எனக்கு அது அன்றைக்கும் தெரியும். ஆனாலும் கை மாறிவிட்டது என்றதை நம்பினேன். அஞ்சாவது குண்டுக்கு அவர் விட்ட மூச்சைக் கல்யாணம் போன துக்கம் என்று நினைத்தேன். துக்கமும் அதில் இருந்திருக்கும். இல்லாவிட்டால் அன்று ராத்திரி அந்தச் சட்டையை அவ்வளவு நேரம் எதற்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்? எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், மூன்றில் மகாராணிதான் நல்ல துப்பாக்கி, அதை மாமா அவளுக்குக் கொடுக்கவில்லை, எனக்குப் பாவாடை இல்லை என்பதுதான்.