சோளக்காட்டில் அவர் குரல்

என் வீட்டுக்காரர் ஆடி மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மார்கழியில் ஒரு காலை, நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, சோளக்காட்டிலிருந்து அவர் கத்தினார்.

"ஓஹோய்! போ! போ! ஒங்கப்பன் வூட்டுச் சோளமா இது? ஓஹோய்!"

கையிலிருந்த சேலை நழுவிச் சேற்றில் விழுந்தது. முதலில் பயம் வரவில்லை. இந்த மனுசன் இன்னும் ஒன்றும் சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விட்டாரே என்றுதான் தோன்றியது. அவர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குரும்பலூருக்கு வெளியே, காட்டுக்குள்ளேயே எங்கள் வீடு. சோளம் பால் பிடித்துவிட்டால் மயிலும் கிளியும் வந்துவிடும். தட்டைத் தட்டிப் பார்த்தோம், பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தோம். போன வருஷம் இவர் பெரம்பலூர் போய் ஒரு ஸ்பீக்கர் வாங்கிவந்தார். வண்டியில் வெங்காயம் விற்கிறவர்கள் வைத்திருப்பார்களே, நாம் ஒருமுறை பேசிவிட்டால் அதையே திரும்பத் திரும்பக் கத்துமே, அதுதான். இப்போது எங்கள் பக்கம் பல காடுகளில் அதுதான் காவல். இந்த வருஷம் விதைத்தது என் கொழுந்தனார். அவர் பரணில் கிடந்ததை எடுத்து, பேட்டரி போட்டு, மூங்கில் கழியில் கட்டிவிட்டார். அதற்குள் யார் குரல் இருக்கிறது என்று அவர் யோசிக்கவேயில்லை. அது கத்தியதும் அவரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

அந்தக் குரலைப் பதிந்த அன்றைக்கு எங்களுக்குள் சண்டை. எனக்குப் பறவை பார்க்கும் புத்தி. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தத் துவைகல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். செம்போத்து வேலிக்குள் நடக்கும், கரிச்சான் காக்கையைத் துரத்தும், கீரி குட்டிகளோடு வாய்க்காலைத் தாண்டும். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாட்கள் பல. "ஒன்னக் காவலுக்கு அனுப்புனா, அதுங்களுக்கு விருந்து வச்சுட்டு வர" என்று இவர் கிண்டல் செய்வார். அன்றைக்கும் நான், "பாவங்க, வாயில்லா சீவனுங்க" என்றேன். "வாயில்லையா? கருதப் போயிப் பாரு!" என்றவர், ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு, என்மேல் இருந்த எரிச்சலையும் சேர்த்து அதில் கத்தினார். நிறுத்தத் தெரியவில்லை. தொண்டை கமறிவிட்டது. செருமிவிட்டு, "ஏ புள்ள, தண்ணி கொண்டா" என்றார். அதுவும் பதிந்துவிட்டது.

ஆக, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர் கத்துவார், செருமுவார், தண்ணீர் கேட்பார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது என் வாய் தானாக "இந்தா வரேன்" என்று சொல்லும். ஒருநாள் நிஜமாகவே சொம்பில் தண்ணீர் மோந்துகொண்டு அந்தக் கழிக்குக் கீழே போய் நின்றேன். நிழலில் ஒரு பெட்டை மயில் குஞ்சுகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே அவர் தொண்டை கிழியக் கத்துகிறார், அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னைக் கண்டுதான் ஓடியது. தண்ணீரை ஒரு சோளத்தின் தூரில் ஊற்றிவிட்டுத் திரும்பினேன்.

கொழுந்தனார் சாயங்காலம் வந்து வாசலில் நின்றார். "அண்ணி, மயிலுக்கு அண்ணன் சத்தம் பழகிப்போச்சு. கருதெல்லாம் மொட்டையா நிக்கிது. நான் வேற சத்தம் போட்டுப் பதிஞ்சுக்கட்டுங்களா?"

புதிதாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடும். எனக்குச் சுருக்கென்றது. "அண்ணன் சத்தத்தத்தான் பையன் போன்ல ஏத்தி வச்சிருக்கானே" என்று அவரே சொன்னார். உண்மைதான். அரியலூரில் வேலை பார்க்கும் என் மகன், வந்திருந்தபோது ஏற்றிக்கொடுத்தான். நான் அதை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லை. போனில் இருப்பது அவருடைய குரல். காட்டில் நின்று கத்துவது அவர். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"கொஞ்ச நாள் இருக்கட்டும் தம்பி" என்றேன். பாடுபட்டவர் கொழுந்தனார், போவது அவர் சோளம். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் விட மனமில்லை.

பொங்கல் கழித்து சூறைக்குருவிகள் வந்தன. வருஷா வருஷம் வடக்கிலிருந்து கூட்டமாக வருபவை. வெளுத்த ரோஸ் உடம்பு, கறுத்த தலை. ஒரு மதியம் மொத்தமாக வந்து கதிர்களில் இறங்கின. அவர், "ஓஹோய்! போ!" என்றார். அவ்வளவுதான், உதறிய போர்வை மாதிரி கூட்டம் முழுவதும் எழும்பி, ஒரு சுழற்சி சுழன்று, அடுத்த காட்டுக்கு ஓடியது.

நான் துவைகல்லின் மேல் ஏறி நின்று சிரித்தேன். அவற்றுக்கு விஷயம் தெரியாது. எங்கிருந்தோ வந்த அந்தக் குருவிகளைப் பொறுத்தவரை, இந்தக் காட்டில் ஒரு கோபக்காரர் இருக்கிறார், கல்லைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. அவை வந்து இறங்க, அவர் கத்த, அவை பயந்து எழும்ப, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கதிர்களுக்கு நடுவிலிருந்து வெளியே வருவார் என்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொழுந்தனாரிடம்கூட, "பாத்தீங்களா, பயப்படுதுங்க" என்று பெருமையடித்தேன்.

பிறகு பாதிக் கூட்டம்தான் எழும்பியது. பிறகு கழிக்குப் பக்கத்தில் இருந்தவை மட்டும். ஒருநாள் ஒரு குருவி ஸ்பீக்கரின் மேலேயே வந்து உட்கார்ந்தது. காலடியில் அவர் ஒங்கப்பன் வூட்டுச் சோளமா என்று கேட்க, அது இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து அழுதேன். தனியாக அழுதது அன்றைக்குத்தான். அவர் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்த கடைசி உயிர்களும் கைவிட்டுவிட்டன.

கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். "ஒங்க சத்தத்தையே போட்டுக்கங்க தம்பி."

"நெசமாத்தான் சொல்றீங்களா அண்ணி?"

இரண்டு பேரும் போனோம். கழி காட்டின் ஓரத்தில்தான் இருந்தது. எங்களைக் கண்டு பக்கத்துக் குருவிகள் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன. மற்றவை தின்றுகொண்டே இருந்தன. அவர் கத்தி, செருமி, தண்ணீர் கேட்டு முடிக்கும்வரை கொழுந்தனார் காத்திருந்தார். பிறகு சுவிட்சை அணைத்தார்.

ஒரு நொடிதான். தின்றுகொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அடுத்து, காடே பெயர்வதுபோல மொத்தக் கூட்டமும் எழும்பியது. மயில்கள் குஞ்சுகளோடு வேலிக்கு ஓடின. நாங்கள் அசையவில்லை, வாய் திறக்கவுமில்லை. இத்தனை நாள் அவர் கத்தியும் போகாதவை, அவர் சத்தம் நின்றதும் போய்விட்டன. ஒரு குருவி மிச்சமில்லை.

கொழுந்தனார் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தக் குருவிகளைப் போலவே எனக்கும் சத்தமில்லாத அந்தக் காட்டில் நிற்கப் பயமாக இருந்தது.