இருமினா ரத்தம் வந்த என்னைய தாய் கைவிடல

2004, ஆடி மாசம். இலங்கையில, கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல நான் பால் வெட்டிக்கிட்டு இருந்தேன். திடீர்னு இருமல். வாயைப் பொத்தின கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை நெறைய ரத்தம்.

அதுக்கு முந்தியே நான் பாதி ஆளுதான். மூணு வருஷத்துக்கு முன்னால, மக செல்வி பொறந்த பத்தாம் நாள், என் எடது கால் வீங்கிச்சு. பிள்ளை பெத்த ஒடம்பு, தானா வடியும்னாங்க. வடிஞ்சுச்சு. ஆனா அதுலருந்து மேடு ஏறினா மூச்சு வாங்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில இழுப்புன்னு மாத்திரை குடுத்தாங்க. அதைத்தான் முழுங்கிக்கிட்டு இருந்தேன்.

ரத்தம் வந்ததும் நாங்க குடியிருந்த லயத்து வரிசை வீடுகள்ல எல்லாரும் காசநோய்னு முடிவு கட்டிட்டாங்க. எனக்குத் தனி டம்ளர், தனிப் பாய். என் நாத்தனார் செல்வியைத் தூக்கிக்கிட்டுத் தன் வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். சளியைச் சோதிச்சு காசநோய் இல்லைன்னு சொன்ன பிறகும் யாரும் நம்பல. புள்ள வாசல்ல நின்னு கூப்பிடும். கிட்ட வான்னு சொல்ல எனக்கே பயம்.

ரத்தம் நிக்கல. படுத்தா மூச்சு முட்டும். உக்காந்தே தூங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் மணி கேட்டுச்சு. வாய்விட்டே சொன்னேன்: "தாயே, என்னைய எடுத்துக்க. போதும்."

என் வீட்டுக்காரர் ராசு அதைக் கேட்டுட்டாரு. எங்க மொத புள்ள செத்துப் பொறந்ததுலருந்து அவரு கோயில் வாசல் மிதிக்காதவரு. அன்னைக்குப் போனாரு. திரும்பி வந்து என் நெத்தியில திருநீறு பூசினாரு.

"சொகமாக்குன்னுகூட கேக்கல புள்ள. ஒனக்கு என்ன வருத்தம், என்ன நோய்னு யாராவது ஒருத்தருக்குக் காட்டிக் குடுன்னுதான் கேட்டேன்."

நாலாம் நாள் ரத்தம் கொட்டுச்சு. கொழும்புக்கு அனுப்புனாங்க. அங்க ஒரு சிங்கள டாக்டரம்மா என் காலைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் கால் எப்பவாவது வீங்கிச்சா நங்கி?"ன்னு தங்கச்சியைக் கேக்குற மாதிரி கேட்டாங்க. அத்தனை வருஷத்துல யாரும் கேக்காத கேள்வி. ராசு அங்கேயே அழுதுட்டாரு.

படம் எடுத்தாங்க. கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலுக்குப் போயி, பெரிய குழாய்களை அடைச்சுக் கட்டியா இறுகிக் கெடக்குதாம். அந்த வழி அடைச்சதால, மூச்சுக் குழாயை ஒட்டி ஓடுற சின்ன ரத்தக் குழாய்ங்க தடிச்சு, நெளிஞ்சு, நுரையீரலுக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு இருக்காம். அதுல ஒண்ணுதான் உடைஞ்சு கசியுது. கட்டி வளராம ரத்தத்தை எளக்குற மருந்து குடுத்தா கசிவு கூடும். குடுக்காட்டி கட்டி வளரும். கேட்டதும் ராசு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"பய வென்ன எப்பா," பயப்படாதேன்னாங்க அந்தம்மா. தொடை வழியா மெல்லிய குழாயை விட்டு, கசிஞ்ச எடத்தை அடைச்சாங்க. தாய் பேரைச் சொல்லிக்கிட்டே படுத்திருந்தேன். ரத்தம் நின்னுச்சு. பிறகு கட்டிக்கு மாத்திரை ஆரம்பிச்சாங்க.

முழுச் சொகம் இல்லைங்க. பழைய கட்டியை எடுக்குற ஆபரேஷன் நம்ம நாட்டுல இல்லைன்னுட்டாங்க. இதயம் களைச்சுப் போயிருக்கு. எத்தனை வருஷம்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. ஆனா செல்வி என் பக்கத்துல படுக்குறா. தோட்டத்துல எந்தப் பொண்ணுக்குப் பிள்ளை பெத்து கால் வீங்கினாலும், அன்னைக்கே நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்.

நொந்து கெடக்குறவங்களே, நல்ல வார்த்தை வராட்டிப் பரவாயில்லை. சாகணும்னு தோணினா அதையும் தாய்கிட்டயே சொல்லுங்க. நான் கேட்டதை அவ குடுக்கல. அதுக்குத்தான் தெனமும் கும்பிடுறேன்.