மாதா படத்து ஆணி

என் பிள்ளைகளே, நீங்கள் ஷிப்டு முடிந்து வந்து வண்டியை வாசலில் நிறுத்தினதும் நான் கிட்டே போய் மோந்து பார்ப்பதைக் கண்டு சிரிக்கிறீர்கள். "எங்கப்பாவுக்கு மூக்குதான் மீட்டரு" என்று சின்னவன் கூட்டாளிகளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. சொல்லட்டும். பேட்டரிக்கு அளவு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும்போது அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடைதான் ஒரு தை மாசம் உங்கள் அம்மாவையும் என்னையும் தெருவில் நிறுத்தப் பார்த்தது. மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாசம். ஒரு தடவையாவது அதை முழுசாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதுக்கு மேல் எனக்குப் படிப்பில்லை. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் சேரப்பணஞ்சேரியில் ஒரு மொதலாளியிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். குடியிருக்க இடமும் அவர் கொடுத்ததுதான். டிராக்டர் ஷெட்டை ஒட்டின ஒரே ஒரு ரூம், முன்னே உர மூட்டை போட்டு வைத்த ரூம். உங்கள் அம்மா அதை எத்தனை தரம் கழுவியும் யூரியா வாடை போகவில்லை. ஆனாலும் எங்களுக்கு அது பெரிசு. பென்னலூரில் எனக்கு இருந்த மண் சுவர் வீடு ஐப்பசி மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உங்கள் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டிலோ எங்களைச் சேர்க்கவில்லை. ஆக, வேலை போனால் ரூமும் போகும். போய் நிற்க வேறு இடமே கிடையாது.

வண்டி பழசு. அதில் இருந்தது ஆல்டர்னேட்டர். எங்கள் பேச்சில் எல்லாமே டைனமோதான். இஞ்சின் ஓடினால் அது சுற்றும், சுற்றினால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். எவ்வளவு ஏறலாம் என்று பார்த்து அடக்குவதற்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதைக் கட்டவுட்டு என்போம். ஸ்டியரிங்குக்கு முன்னால் தகட்டில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். மீட்டரில் ஒரு முள். அது நடுவிலிருந்து பிளஸ் பக்கம் லேசாகச் சாய்ந்தால் எல்லாம் சரி.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கும்போது டிராக்டருக்கும் அடித்துவிடுவது அங்கே வழக்கம். அந்த வருஷம் மொதலாளி ஸ்ரீபெரும்புதூர் போய் நல்ல சிவப்புப் பெயிண்டாக வாங்கி வந்தார். மற்ற டிரைவர்கள் மேலோடு ஒரு பூச்சு பூசிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி, அடியில் துரு சுரண்டி, அங்கேயும் பெயிண்ட் அடித்தேன். கட்டவுட்டையும் கழற்றினேன். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் அதற்கு உள்ளே இருக்கிற பாயிண்டு கெட்டுப்போகுமே என்று, பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, பெட்டிக்கு அடியிலும் போல்ட்டுத் தலைக்கு அடியிலும் கொடுத்து முறுக்கினேன். மொதலாளி சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டு, "இன்னாய்யா, கல்யாணப் பொண்ணு மாறி கீது வண்டி" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பொங்கல் கழிந்ததும் களத்து வேலை. அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி, மேலே டிராக்டரை வட்டம் வட்டமாக ஓட்டி மிதிக்கவைத்தால் நெல் உதிரும். முதல் நாளே வாடை வந்தது. வாய்க்காலில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் ஹெட்லைட்டைப் போட்டேன், பளிச்சென்று வெள்ளையாக எரிந்து ரெண்டு பல்பும் ஒன்றாகப் போயின. பேட்டரியைத் திறந்தால் தண்ணீர் வற்றி பிளேட் தெரிகிறது. மீட்டர் முள் பிளஸ் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பேட்டரிதான் பழசு என்று மொதலாளி வேறு ஒன்று கொடுத்தார். அதுவும் கொதித்தது. ஆசிட் தெறித்து என் காக்கிச் சட்டை சல்லடையாகிவிட்டது. மூன்றாவதாக அவர் தன்னுடைய காரில் இருந்ததையே கழற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "டிரைவரே, இதுவும் போச்சுனா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

படப்பையில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போனேன். டைனமோவைக் கழற்றி பெஞ்சில் போட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"டைனமோ சிங்கம் மாறி கீது. கட்டவுட்டு பூட்ச்சு, வாத்யாரே."

புதுக் கட்டவுட்டு வாங்கிப் போட்டார். பழசைக் கழற்றும்போது நான் வைத்திருந்த டியூப் வட்டங்களை விரலில் எடுத்துப் பார்த்தார். "நீயா வச்ச? சோக்கா வேல செய்ற. ஆடவே ஆடாது" என்று அதையே திரும்ப வைத்து முறுக்கினார். வண்டியைக் கிளப்பினோம். முள் மேலேயே நின்றது.

"அண்ணே, இறங்கலியே."

"பேட்டரி பசியா கீது, துன்னுது. வயிறு ரொம்பினா தானா இறங்கும். நீ போ."

அதை நம்பிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். பாதி தூரம் வந்தும் முள் அசையவில்லை. ஊர் ஏரிக்கரை வரும்போது அந்த வாடை வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தேன். டைனமோ நல்லது. கட்டவுட்டு புதுசு. பேட்டரி மொதலாளி காரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இனி மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? நான் ஒருத்தன்தான் பாக்கி.

டைனமோவிலிருந்து வருகிற ஒயரைப் பிடுங்கிவிட்டேன். சார்ஜே ஏறாவிட்டால் கொதிக்காதல்லவா. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சார்ஜ் ஏறாத பேட்டரி எத்தனை தடவை செல்ஃப் எடுக்கும்? மறுநாள் காலையில் களத்தில் அத்தனை பேர் எதிரே சாவியைத் திருப்பினேன். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மொதலாளியின் மச்சான் ஒருவர் உண்டு. கணக்கு வழக்கெல்லாம் அவர்தான் பார்ப்பார், என்னை ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பிடிக்காது. "டிரைவரே, கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சியே, தவிடு வச்சியா? அதான் எழுந்துக்க மாட்டேங்குது" என்றார். கதிர் பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நெல் தூற்ற வந்திருந்த உங்கள் அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆட்களை வைத்து ஏரிக்கரைச் சரிவில் தள்ளி வண்டியைக் கிளப்பினோம். மொதலாளி சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "மூணாவது பேட்டரிய்யா. என் காரு ஷெட்ல படுத்துக்கினு கீது. களத்த முடிச்சிட்டு சாயங்காலம் சாவியக் குடுத்துடு. ரூமையும் காலி பண்ணிடு." மச்சான் அப்போதே வண்டியின் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் பாக்கெட்டில் கிடந்த ஒரு ஸ்பேனர்தான் மிச்சம்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட மர நிழலுக்குப் போனார்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று இஞ்சினை ஓடவிட்டபடியே ரூமுக்குப் போனேன். உங்கள் அம்மா புடவையை விரித்துப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த மாதா படம் அதற்குள் மூட்டைக்குள் போயிருந்தது. அது மாட்டியிருந்த ஆணி மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க போறதுன்னு எதுனா யோசிச்சியா?" என்றாள்.

"தெரில."

"சரி."

"எங்க போறதுன்னே தெரில, மூட்டைய இன்னாத்துக்கு இப்பவே கட்ற?"

"நம்மளே கட்டி வச்சிட்டா அவங்க எடுத்து வெளிய வீச மாட்டாங்க இல்ல? பானைங்க ஒடையாது." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு மூட்டையை இறுக்கி முடிந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, "கோயிலாண்ட குடியிருக்கவங்கள கேட்டுப் பாக்கறேன், ஒரு மூலை கிடைச்சாலும் போதும்" என்று வெயிலில் கிளம்பிப் போனாள்.

எனக்கு ரூமில் நிற்க முடியவில்லை. வண்டிக்கே திரும்பினேன். கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று பிடுங்கிய ஒயரைத் திரும்ப மாட்டினேன். முள் ஓடிப் போய் கடைசியில் முட்டியது. ஆத்திரத்தில் கட்டவுட்டையே கழற்றி ஏரியில் வீசிவிடலாம் என்று ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தேன். கை வேர்த்து ஸ்பேனர் நழுவியது. கட்டவுட்டின் அடித்தகட்டின் மேல் ஒரு முனையும், பக்கத்தில் பெயிண்ட் உரிந்திருந்த ஒரு போல்ட்டின் மேல் மறுமுனையுமாக விழுந்து நின்றது.

முள் இறங்கியது.

மீட்டரும் செத்துப்போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்பேனரை எடுத்தேன், ஏறியது. அதே இடத்தில் வைத்தேன், இறங்கியது. எடுத்தேன், வைத்தேன். குனிந்து, ஸ்பேனரின் இரண்டு முனையும் எதை எதைத் தொடுகிறது என்று பார்த்தேன்.

அந்தக் கட்டவுட்டுக்குத் தனியாக எர்த் ஒயர் கிடையாது. அதன் அடித்தகடு வண்டியின் இரும்பில் பட்டு உட்கார வேண்டும், அதுதான் எர்த். எர்த் இருந்தால்தான் சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். நான் இரும்புக்கு மேல் பெயிண்ட் அடித்து, பெயிண்டுக்கு மேல் டியூபும் வைத்து, பண்டிகை நாளில் அதன் கண்ணைக் கட்டிவிட்டிருந்தேன். கண் தெரியாதது அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனும் அதே கட்டை மறுபடி கட்டி அனுப்பியிருக்கிறார்.

ஸ்பேனரை அப்படியே அழுத்திப் பிடித்தபடி நின்றேன். பேட்டரிக்குக் கொஞ்சமாவது அளவான சார்ஜ் ஏறட்டும். பிறகு இஞ்சினை நிறுத்தினேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் இனி இது கிளம்பாது, சாயங்காலம் வரைக்கும்கூட நான் டிரைவர் இல்லை.

கட்டவுட்டைக் கழற்றிவிட்டேன். சுரண்ட ஒன்றும் இல்லை. டூல் பாக்ஸ் போய்விட்டது, அரிவாள்மணை மூட்டைக்குள். ரூமுக்கு ஓடி, மாதா படம் மாட்டியிருந்த ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். நானே பார்த்துப் பார்த்து அடித்த பெயிண்டை அந்த ஆணியால் சுரண்டினேன். சிவப்புத் தூள் முழங்கை வரை ஒட்டியது. வெள்ளை இரும்பு தெரிந்ததும் டியூபை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நேராக வைத்து முறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, கடைசியில் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு மொதலாளியும் மச்சானும் வந்துவிட்டார்கள். நான் மீட்டரைக் காட்டினேன். முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, ஆடாமல் நின்றது. நடந்ததைச் சொன்னேன்.

"டியூப்பு யார் வச்சது?" என்றார் மொதலாளி.

"நான்தாங்க. ஆடக் கூடாதுன்னு..."

"பாரு மாமா, இவனே நோவ குடுத்துட்டு இவனே ஊசி போடறான்" என்றார் மச்சான்.

மொதலாளி குனிந்து பேட்டரிக்கிட்டே மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "பெயிண்ட்டு வாங்கியாந்தது நானு" என்றார் மச்சானிடம். என்னிடம், "சாவி அதுலயே கெடக்கட்டும். இன்னும் ரெண்டு கதிர்ப் போரு கீது, ஏறு" என்றார். ரூமைப் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்கப் பயம். சாவி என்னிடம் இருக்கிறவரைக்கும் ரூமும் இருக்கிறது என்று நானே எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

களம் முடிந்து பொழுது சாய்கிற நேரத்தில் ரூமுக்கு வந்தேன். உங்கள் அம்மா இன்னும் திரும்பவில்லை. பாவம், எந்த எந்த வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ. மூட்டை நடு ரூமில் கட்டியபடி இருந்தது. முடிச்சை இறுக்கமாகப் போட்டிருந்தாள், பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். பானைகளை அடுப்புப் பக்கம் அவள் வைக்கிற மாதிரியே அடுக்கினேன். பாக்கெட்டிலிருந்து ஆணியை எடுத்தேன். பழைய ஓட்டை பொத்தலாகிவிட்டதால் ஒரு விரல் தள்ளி வைத்து, ஸ்பேனரால் அடித்தேன். அதன் நுனியில் சிவப்புப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. மாதா படத்தை என் காக்கிச் சட்டையில் துடைத்து மாட்டிவிட்டு, அவள் உள்ளே வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கதவை முழுசாகத் திறந்து வைத்தேன்.